தமிழ், வரலாறு படித்தவர்களுக்கு டிஜிட்டல் ஆவணப் பயிற்சி: சேரலாமா?

கடலூரிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மூன்று மாதம் போய்ப் படித்தேன். புதுச்சேரியில் ஒரு சின்ன பயிற்சி மையம், கட்டணம் 12,000 ரூபாய். தமிழ், வரலாறு படித்தவர்களைப் பழைய நூல்களையும் ஆவணங்களையும் கணினியில் ஏற்றும் வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நான் எம்.ஏ. தமிழ். "பி.எட். போட்டுடு" என்பதைத் தவிர வீட்டில் யாரும் வேறு வழி சொல்லவில்லை, சரி என்று சேர்ந்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விவரப் பட்டியல் வகுப்பு, அதாவது மெட்டாடேட்டா, அதற்கு மட்டுமே அந்தக் கட்டணம் தகும். ஆளுக்கு ஒரு பழைய காகிதம் கொடுத்து, தலைப்பு, ஆசிரியர், தேதி என்று ஆவண விவரங்களைப் பதியும் டப்ளின் கோர் என்ற பொது முறையில் உள்ள 15 கட்டங்களையும் நிரப்பச் சொன்னார்கள். எனக்கு வந்தது மஞ்சள் மங்கிய கல்யாணப் பத்திரிகை. ஆங்கிலத் தேதியே இல்லை, 'விளம்பி வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த தம்பி கணினியில் கெட்டிக்காரர், போனில் தேடிப் பார்த்து 2018 என்றார். ஆனால் பத்திரிகை முழுக்கக் கொம்பு வைத்த பழைய லை, ணை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அச்சில் அவை மெல்ல மறைந்துவிட்டன, அதனால் 60 வருஷச் சுற்றில் ஒன்று பின்னால் போனால் 1958, இன்னொன்று போனால் 1898. அப்புறம் உறையைத் திருப்பிப் பார்த்தேன், தபால்தலை நயா பைசா கணக்கில் இருந்தது. நயா பைசா வந்ததே 1957 ஏப்ரலில்தான். ஆக 1958.

மேடம் அதைப் பார்த்துவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சேன்னு குறிப்புல எழுதும்மா, உனக்கப்புறம் பார்க்கிறவங்க நம்பணும்ல" என்றார். அஞ்சு வருஷம் தமிழ் படித்ததற்கு ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேனிங்கும் உருப்படியாகச் சொல்லித் தந்தார்கள்: பாதுகாக்க டிஃப் (TIFF) வகைக் கோப்பு, இணையத்துக்கு ஜேபெக் (JPEG), கோப்புப் பெயரில் 'பைனல்', 'பைனல்2' கூடவே கூடாது. ஆனால் 18 பேருக்கு இரண்டே ஸ்கேனர். பாதி நாள் வரிசையில்தான் போனது.

இனி குறை. கடைசி இரண்டு வாரம் சமூக ஊடக மார்க்கெட்டிங் என்று ஓட்டிவிட்டார்கள், அதற்கு நாங்கள் வரவில்லை. பதிப்புரிமைக்கு ஒரே ஒரு மணி நேரம். ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு என்பதைத் தாண்டவே இல்லை, அரசு உரிமை வாங்கிப் பொதுவில் விட்ட நாட்டுடைமை நூல்களைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. தமிழில் வேலை பார்க்கிறவருக்கு முதல் நாளிலேயே வரும் கேள்வி அது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இதே ஊரில் இருக்கிறது, அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியவை. ஒரு நாள்கூட எங்களை அங்கே கூட்டிப் போகவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நோட்டீஸில் இருந்த 'நிச்சய வேலை' பேச்சை நம்ப வேண்டாம். எனக்கு அவர்கள் காட்டியது ஒரு டைப்பிங் வேலை. இப்போது செய்வது நானே தேடிக்கொண்ட ஒப்பந்த வேலை, ஒரு குடும்பத்தின் பழைய நூல் சேகரிப்பைப் பட்டியலிடுகிறேன். ஆறு மாதம்தான், அதற்குப் பிறகு மறுபடி தேட வேண்டும். அதைக் கொடுத்தவர் சான்றிதழைக் கேட்கவில்லை, நான் போட்ட பட்டியலைத்தான் கேட்டார்.

பணம் இல்லாதவர்கள் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கத் தரும் இணையதளமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கலாம், காசு கிடையாது, ஆனால் கை பழகும். இந்த மையத்தில் சேர்வதானால், பணம் கட்டும் முன் பழைய மாணவர்கள் செய்த பட்டியல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஸ்கேனர் என்பதையும் கேட்டுவிடுங்கள்.