சொந்த டெக்னீஷியனா, ஆண்டு ஒப்பந்தமா?

மருத்துவக் கருவி பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பதே அரிது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மருத்துவமனை நடத்துவோருக்கு இரண்டு வழிதான்: சம்பளத்துக்குச் சொந்தமாக ஒரு டெக்னீஷியன், அல்லது பராமரிப்புக்குக் கம்பெனியோடு ஆண்டு ஒப்பந்தம்.

நேரம்: சொந்த ஆள் பத்து நிமிடத்தில் வார்டில் நிற்பார். ஒப்பந்த இன்ஜினியர் மதுரையிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் வர வேண்டும்.

வேலை: இசிஜியில் கோடு நடுங்கினால் பெரும்பாலும் லீட் ஒயர் (கருவியிலிருந்து உடலுக்கு வரும் ஒயர்), காய்ந்த எலக்ட்ரோடு (தோலில் ஒட்டும் பட்டை), எர்த் கோளாறுதான். குளச்சல் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு கனெக்டரின் உலோக முள் பச்சை பூத்துவிடும். கருவியை அணைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பலமுறை சரியாகிவிடும். இதற்குச் சொந்த ஆள் போதும். வென்டிலேட்டர் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு), எக்ஸ்ரே டியூப் என்றால் கம்பெனி ஆள்தான்.

செலவு: சாதாரண ஒப்பந்தத்தில் உதிரிபாகம் சேராது, கையெழுத்துக்கு முன் பாருங்கள். சொந்த ஆளோ, வேலை பழகியதும் வளைகுடாவுக்குக் கிளம்பிவிடலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தால் சொந்த ஆளும், பெரிய கருவிகளுக்கு மட்டும் ஒப்பந்தமும். சின்ன மருத்துவமனைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.