சாம்பல் பெட்டியோடு மூன்று குளிர்காலம்

எங்கள் வீட்டுப் பின்பக்க மரத்தளத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு கறுத்த வட்டம் இருக்கிறது. 2022 ஜனவரியில் விழுந்தது. இரண்டு தரம் உரஞ்சி எண்ணெய் பூசியும் போகவில்லை. அது விழுந்திருக்காவிட்டால் விறகு அடுப்புச் சாம்பல் போடுவதற்கென்று காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கியிருக்கவே மாட்டேன். வாங்கி மூன்று குளிர்காலம் போய்விட்டது. அதன் நல்லது கெட்டது இப்போது வடிவாகத் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லோரன்ஸ்கூக் பக்கம். வீடு வாங்கும்போதே முன்னறையில் ஒரு வார்ப்பிரும்பு விறகு அடுப்பு இருந்தது. கனகாலம் அதற்கு மேலே பூச்சாடிதான் வைத்திருந்தோம். 2021 கடைசியில் தெற்கு நோர்வேயில் மின்சார விலை ஏறியதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; அரசாங்கமே டிசம்பரிலிருந்து வீடுகளுக்கு மின்கட்டண உதவி கொடுக்கும் அளவுக்குப் போனது. அந்தக் குளிரில்தான் பூச்சாடியை இறக்கிவிட்டு 60 லீற்றர் பேர்ச் விறகு மூட்டைகளை வாங்கி அடுக்கினோம்.

அடுப்பைப் பற்றியும் விறகைப் பற்றியும் புத்தி சொல்ல எல்லாரும் இருந்தார்கள். சாம்பலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மையில் சாம்பல் அதிகம் வருவதும் இல்லை. நூறு கிலோ நன்றாகக் காய்ந்த பேர்ச் விறகை எரித்தால் ஒரு கிலோ சாம்பல்கூட முழுதாக மிஞ்சாது. ஆனால் அந்த ஒரு கிலோ பஞ்சு மாதிரி இரண்டு மூன்று லீற்றர் இடத்தைப் பிடிக்கும். பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே எழும்பும். அடுப்புக்குக் கீழே இருக்கும் இழுவைத் தட்டில் கிடக்கும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றில் கொட்டும் அந்த ஐந்து விநாடியில்தான் சோபா, திரைச்சீலை, சாமிப்படம் எல்லாவற்றுக்கும் பூச்சு விழும்.

முதலில் நான் எடுத்தது குசினியில் சும்மா கிடந்த ஒரு பழைய அலுமினியப் பானை. ஊரிலிருந்து கொண்டுவந்தது, அடி நெளிந்ததால் சமையலுக்கு எடுப்பதில்லை. சாம்பலைப் போட்டு வெளியே வைத்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை, பனி உள்ளே விழுந்து கரைந்தது. இரண்டு கிழமை கழித்துக் கொட்டினால் உட்பக்கம் முழுக்கக் கறுத்து, அடியில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டைகள்.

பக்கத்து வீட்டுக் கிழவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "லூத்தஃபிஸ்க்கை அலுமினியச் சட்டியில் அவிப்பாயா?" என்று கேட்டார். லூத்தஃபிஸ்க் என்பது காய்ந்த மீனைக் காரத்தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் நத்தார்ப் பருவச் சாப்பாடு. அந்தக் காரத்தண்ணீரை முந்தி பேர்ச் சாம்பலைக் கரைத்துத்தான் எடுத்தார்களாம். ஈரம் பட்ட சாம்பல் கடுங்காரம், அலுமினியத்தைத் தின்றுவிடும். நான் பானைக்குள் செய்ததும் அதே வேலைதான், மீன் மட்டும் இல்லை. பொட்டாஷ் என்ற சொல்லே சாம்பல் கரைசலைப் பானையில் வற்றவைத்ததால் வந்தது. 1807இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த மூலகத்துக்குப் பொட்டாசியம் என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். இதெல்லாம் தெரிந்தபோது பானை போய்விட்டது.

அடுத்தது கல்வனைஸ் வாளி. மேலே ஒரு தகட்டு மூடி, இறுக்கமில்லாதது. அடுப்பிலிருந்து தட்டை இழுத்து வாளிக்குள் கவிழ்ப்பேன். அரைவாசி வாளிக்குள் போகும், மிச்சம் முகத்துக்கு வரும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு ஞாயிறு காலை, முதல்நாள் இரவு அணைந்த அடுப்பின் சாம்பலை வாளியில் போட்டு மரத்தளத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். வெளியே சைபருக்குக் கீழே எட்டுப் பாகை. இந்தக் குளிரில் என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. பின்னேரம் மனைவி கதவைத் திறந்தவுடன், "இஞ்சாருங்கோ, என்ன உது, பலகை எரியிற மணம் வருது?" என்றாள். வாளியைத் தூக்கினேன். அதன் அடி வட்டமாகப் பலகையில் பதிந்து, விளிம்பிலிருந்து மெல்லிய புகை.

சாம்பல் ஆறிவிட்டதா என்று மேலே தொட்டுப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. சாம்பல் ஒரு நல்ல போர்வை. அதற்குள் புதைந்த தணலுக்குக் காற்று குறைவாகத்தான் போகும், அதனால் கெதியாக எரிந்தும் முடியாது, சூடு வெளியே போய் ஆறவும் முடியாது. ஊரில் அம்மா இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்து விடியக் கிளறி அடுப்பு மூட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது இங்கே மரத்தளத்தில் வேலை செய்யும் என்று மட்டும் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் அதே வாளியைப் பனிக்குள் கொட்டியபோது கோழிமுட்டை அளவில் ஒரு கரித்துண்டு சுர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கியது. உடைத்தால் நடுவில் சிவப்பு.

அந்த வசந்தத்தில் நகரசபையின் புகைபோக்கி பார்ப்பவர் வந்தார். கறுத்த வட்டத்தைக் காட்டினேன். அவருக்கு அது புதினமாக இல்லை. உலோகப் பாத்திரம், இறுக்கமான மூடி, எரியாத தரை, சுவரிலிருந்து தள்ளி வை என்று நாலு வார்த்தையில் முடித்தார். கீழறைக்குள் கொண்டுபோய் வைக்காதே என்றும் சொன்னார். மூடிய பெட்டிக்குள் கனலும் கரியிலிருந்து காபன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமும் கிடையாது.

2022 இலையுதிர் காலத்தில் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஏறக்குறைய 900 குரோனர். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எடேய் தம்பி, சாம்பலுக்குப் பெட்டியோ? நாங்கள் சிரட்டையாலை அள்ளி வாழைக்குப் போட்டனாங்கள்" என்றார். விலையைச் சொல்லவில்லை.

பார்க்க ஒரு பெரிய தகர டிரங்குப் பெட்டியின் பாதி மாதிரி இருக்கும். கறுப்புப் பூச்சுப் பூசிய உருக்குத் தகடு, 14 லீற்றர் கொள்ளும். அடியில் இரண்டு தகடு, நடுவில் விரல் அகலத்துக்குக் காற்று இடைவெளி, அதற்குக் கீழே நாலு குட்டைக் கால்கள். இதன் உண்மையான கெட்டித்தனம் வாயில்தான் இருக்கிறது. மேலே திறப்பதற்குப் பதிலாக, பக்கத்தில் தொங்கும் ஒரு மடிப்பு மூடி. அடுப்புக்குக் கீழே இருக்கும் சாம்பல் தட்டை இழுத்து அப்படியே அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே விடலாம். உள்ளே இரண்டு தண்டவாளம். தட்டு முழுதாக உள்ளே போனதும் மூடி தானாக விழுந்து மூடிவிடும். பிறகு பெட்டியோடு வெளியே போய், தரைக்கல்லில் வைத்து, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் தட்டு உள்ளேயே கவிழும். உடனே தட்டை எடுக்கக்கூடாது. நான் ஐந்து நிமிடம் விடுவேன், ஒரு கோப்பி குடிக்கிற நேரம். தூள் அடங்கியபின் இழுத்தால் தட்டு மட்டும்தான் வெளியே வரும்.

முதல் தரம் இப்படிச் செய்துவிட்டு கண்ணாடிக் கோப்பி மேசையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அன்றைக்கு வந்த சந்தோசத்தை எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

ஆனால் பெட்டி மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. அந்த டிசம்பரில் ஒருநாள் மனைவி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள், அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் விசிறி முழு வேகத்தில். நான் முன்னறையில் விறகு அடுப்பின் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பித் தட்டி வழியே சாம்பலைக் கீழே தள்ளத் தொடங்கினேன். சாம்பல் ஒரு மேகமாக என்னைத் தாண்டிக் குசினியை நோக்கிப் போனது. ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடிய வீடு. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று வரவேண்டும், அகலத் திறந்து கிடந்த ஒரே வழி எங்கள் புகைபோக்கி. பொரித்த மீனுக்கு மேலே என்ன விழுந்தது என்பதைப் பற்றி அன்றிரவு எங்கள் வீட்டில் விரிவாகக் கதைக்கப்பட்டது. இப்போது விசிறியை நிற்பாட்டி, அடுப்பின் காற்றுவழியைக் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் சாம்பலில் கை வைப்பேன். புகைபோக்கி இழுத்தால் மிதக்கும் தூள் மேலே போய்விடும். வீட்டில் ஓடும் சாதாரண வாக்குவம் கிளீனரைச் சாம்பலுக்குப் பாவிக்கவே கூடாது. ஒரு சின்னத் தணல் போதும் உள்ளே இருக்கும் பை பற்றிக்கொள்ள, தணல் இல்லாவிட்டாலும் நுண்ணிய தூள் பின்பக்கத்தால் அறைக்கே திரும்பி வரும்.

இனி குறைகள். முதலாவது, வாய் 30 சென்ரிமீற்றர் அகலம்தான். எங்கள் தட்டு 27, அதனால் தப்பினோம். மைத்துனர் என்னைப் பார்த்து இதையே வாங்கினார். அவர் வீட்டுத் தட்டு 33. அளக்காமல் வாங்கினார், அளக்காமல் வாங்கச் சொன்னது நான். அந்தப் பெட்டியில் இப்போது அவர் பனிக்கால உப்பு போட்டு வைத்திருக்கிறார். தட்டே இல்லாமல் சாம்பலைக் கரண்டியால் அள்ளும் அடுப்புகளுக்கும் இது உதவாது. அவர்களுக்கு நல்ல மூடியுள்ள வாளி போதும்.

இரண்டாவது, துரு. முதல் வருஷக் கோடையில் அரைப் பெட்டி சாம்பலை அப்படியே விட்டுவிட்டேன். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செப்ரெம்பரில் திறந்தால் அடியில் சீமெந்து மாதிரி ஒரு கட்டி. அதைத் தட்டி எடுத்தபோது மூலைப் பொருத்தில் பூச்சும் சேர்ந்து உரிந்தது. மூன்றாவது வருஷம் அந்த இடத்தில் துரு நன்றாகவே ஏறிவிட்டது. இப்போது மே மாதத்தில் வெறுமையாக்கி, தண்ணீர் காட்டாமல் காய்ந்த தூரிகையால் தட்டி, மூலைகளில் கொஞ்சம் சமையல் எண்ணெய் பூசி வைக்கிறேன். கழுவப் போனால் கையுறை போடுங்கள். நான் போடாமல் கழுவி, இரண்டு நாள் விரல் நுனி சவர்க்காரம் போல வழுக்கி, பிறகு தோல் உரிந்தது.

மூன்றாவது, மூடியைச் சுற்றியிருக்கும் கண்ணாடிநார்க் கயிறு. சூடு தாங்கும், ஆனால் ஒட்டியிருந்த பசை இரண்டாவது குளிர்காலக் கடைசியில் விட்டுவிட்டது. கயிறு தொங்கினால் மூடி முழுதாக விழாது, காற்று உள்ளே போகும், தணல் உயிரோடு இருக்கும். கைப்பிடிக்கு மரம் போட்டிருக்கிறார்கள், அது நல்லது. கவிழ்க்கும் சின்னக் கைப்பிடிக்கு வெறும் இரும்பு, அதை வெறுங்கையால் ஒருதரம்தான் தொடுவீர்கள்.

கொள்ளளவைப் பற்றி வாங்கும்போது மிகவும் யோசித்தேன், 20 லீற்றர் எடுக்கலாமா என்று. தேவையே இல்லை. ஒரு குளிர்காலத்தில் 50 மூட்டை அளவில் எரிக்கிறோம், அது ஏறக்குறைய ஒரு தொன் விறகு. பெட்டி இரண்டு தரம் நிறைந்தால் அதிகம். அடுப்புக்குள்ளும் முழுதாகத் துடைத்து எடுப்பதில்லை. விரல் தடிப்பில் ஒரு சாம்பல் படுக்கையை விட்டால் அடுத்த நெருப்பு கெதியாகப் பிடிக்கும். பெரிய பெட்டி என்றால் பாரம்தான் மிச்சம். இதுவே வெறுமையாக நாலு கிலோ.

வெளியே போன சாம்பலில் எதுவும் வீணாவதில்லை என்று அம்மாவுக்கு நிரூபிக்கவேண்டிய கடமை எனக்கு. ஈரக் கடதாசியைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் அடுப்புக் கண்ணாடியில் படிந்த கறுப்பு அப்படியே வரும். இதற்காகக் கடையில் விற்கும் திரவத்தை நான் வாங்குவதை விட்டுவிட்டேன். ஊரில் சாம்பலும் பொச்சும் போட்டுச் சட்டி மினுக்கியதுதான், வேறொன்றும் இல்லை. வழுக்கும் படியில் தூவலாம், ஆனால் சப்பாத்தோடு அது வீட்டுக்குள் வந்து, பெட்டியால் மிச்சப்படுத்திய துப்புரவை எல்லாம் திரும்பக் கேட்கும். வசந்தத்தில் புல்தரைக்கும் கறன்ற் பழச் செடிக்கும் கையளவு போடுவேன். அமில மண்ணில் வளரும் புளூபெரிக்கும் றோடோடென்ட்ரனுக்கும் கிட்டவே கொண்டுபோவதில்லை. பெயின்ற் அடித்த பலகையோ, பழைய பச்சைநிற மருந்தூட்டிய பலகையோ யாராவது எரித்திருந்தால் அந்தச் சாம்பல் தோட்டத்துக்கு ஆகாது. அந்தப் பச்சையில் ஆர்சனிக் இருந்தது. அப்படியானதை எரிக்கவே கூடாது என்பது வேறு கதை. மிச்சத்தை ஒரு கிழமைக்கு மேல் பெட்டியில் ஆறவிட்டு, பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையோடு போடுகிறேன்.

பழுதானால் திரும்ப இதையே வாங்குவேனா என்று மைத்துனர் கேட்டார், கொஞ்சம் கோபத்தோடுதான். வாங்குவேன், ஆனால் துருப்பிடிக்காத உருக்கில் யாராவது செய்தால் இரண்டு மடங்கு கொடுத்தும் அதைத்தான் எடுப்பேன். இப்போதைக்கு இது ஓடும். மூடிக்குப் புதுக் கயிறு வாங்கி வைத்தாயிற்று, சூடு தாங்கும் பசை மட்டும் இன்னும் வாங்கவில்லை. முதல் நெருப்பு போடுவதற்குள் ஒட்டவேண்டும்.