கேம்ப்கிரவுண்ட் மின்சாரமும் டிரெய்லரின் பாதுகாப்பும்: 30 ஆம்பியர் இ.எம்.எஸ். கருவியுடன் சில ஆண்டுகள்

டெக்சாஸில் வசிக்கும் நாங்கள் ஒரு நடுத்தர அளவு டிராவல் டிரெய்லர் (வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வைத்திருக்கிறோம். அதன் கூரையில் 13,500 பி.டி.யூ. குளிரூட்டும் திறனுள்ள ஏ.சி. ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து 30 ஆம்பியர் இணைப்பு வழியாக மின்சாரம் வருகிறது. வண்டி வாங்கிய கையோடு ப்ரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் இ.எம்.எஸ்.-ஹெச்.டபிள்யூ.30சி என்ற மின் பாதுகாப்புக் கருவியை உள்ளே நிலையாகப் பொருத்தினோம். மலைநாட்டுப் பகுதியிலும், மெக்சிகோ வளைகுடாக் கரையிலும், நியூ மெக்சிகோ பக்கமும் பல கோடைகளை அதனுடன் கழித்துவிட்டோம். டிரெய்லர் வாங்க எண்ணும் நண்பர்கள் பலரும் "சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், இந்தக் கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு லோ வோல்டேஜ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் இருந்த வீடுகளில்தான் நம்மில் பலரும் வளர்ந்தோம். அமெரிக்க வீடுகளில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. வீட்டு இணைப்பில் 120 வோல்ட் என்பது 114-க்கும் 126-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று இங்குள்ள தரநிலை கூறுகிறது. எங்கள் வீட்டில் அளந்தால் எப்போதும் அந்த வரம்புக்குள்ளேயே நிற்கிறது. அந்த நம்பிக்கையோடு கேம்ப்கிரவுண்டுக்குள், அதாவது இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் தளத்துக்குள், நுழைந்து, பெடஸ்டல் எனப்படும் மின்பெட்டியில் பிளக்கைச் செருகிவிட்டு ஏ.சி.யைப் போடுகிறவர்கள் மிகுதி. அந்த மின்பெட்டி எத்தனை ஆண்டுப் பழையது, யார் வயரிங் செய்தார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பது வருகிறவருக்குத் தெரிய வழியில்லை.

கேம்ப்கிரவுண்டில் வோல்டேஜ் இறங்குவதற்குக் கட்டமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 551-ஆம் பிரிவில் இத்தகைய வண்டிகளுக்கான இடங்களைப் பற்றிப் பேசுகிறது. 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள தளத்துக்கு, எல்லா இடங்களின் மொத்தத் தேவையில் 41 சதவீதத்தைக் கணக்கில் கொண்டு, மின்பெட்டிகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் கம்பிகளை அமைத்தால் போதும் என்று அந்த விதி அனுமதிக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் முழு மின்சாரத்தையும் இழுக்கமாட்டார்கள் என்பதே அதன் அடிப்படை. வசந்த காலத்தில் அது உண்மைதான். ஆனால் ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகலில், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, நிறைந்திருக்கும் தளத்தில் ஓடாத ஏ.சி. ஒன்றுகூட இருக்காது. அவற்றில் பலவும் பெரிய வண்டிகள். இரண்டு, மூன்று ஏ.சி. வைத்தவை. அப்போது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில், வரிசையின் கடைசியில் இருக்கும் மின்பெட்டிக்கு எஞ்சி வருவதே நமக்குக் கிடைக்கும் வோல்டேஜ்.

மலைநாட்டுப் பகுதியில் ஒரு பழைய தனியார் தளத்தில் இதை முழுமையாகப் பார்த்தோம். காலையில் கருவியின் திரை 121 வோல்ட் காட்டியது. நண்பகலில் 114, மூன்று மணியளவில் 107. எங்கள் ஏ.சி.யின் கம்ப்ரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இன்னும் இரண்டு மூன்று வோல்ட் சரிந்தது. ஒரு கட்டத்தில் இ4 என்ற குறியீட்டைக் காட்டி, கருவி மின்சாரத்தை முற்றிலுமாகத் துண்டித்தது. 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132 வோல்ட்டுக்கு மேலே போனாலும் உள்ளிருக்கும் கான்டாக்டர் என்ற தானியங்கிச் சுவிட்சைத் திறந்துவிடும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வெளியில் அந்த வெயிலில் ஏ.சி. நின்றுபோவது யாருக்கும் பிடிக்காது. பக்கத்து வண்டிகளில் ஏ.சி. ஓடிக்கொண்டேயிருந்தது. ஆனாலும் கருவி செய்ததே சரி.

ஏன் சரி என்பதில்தான் பலருக்கும் தெளிவு இருப்பதில்லை. வோல்டேஜ் குறைந்தால் பழைய குண்டு பல்பு மங்கலாக எரியும், அவ்வளவுதான். ஆனால் ஏ.சி. கம்ப்ரசரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அழுத்த வேண்டிய வாயுவின் சுமை மாறாத வரை, அது அதே வேலையைச் செய்தாக வேண்டும். வோல்டேஜ் குறைந்த அளவுக்குக் கூடுதல் ஆம்பியரை இழுத்து அந்த வேலையைச் செய்யும். கம்பிச்சுற்றில் பிறக்கும் வெப்பமோ ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெப்பம் ஏறத்தாழ இருபது சதவீதம் கூடும். அது அன்றைக்கே மோட்டாரை எரித்துவிடாது. சுருளின் மேலுள்ள காப்புப் பூச்சை ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்கி, சில ஆண்டுகள் கழித்து, நல்ல வோல்டேஜ் வரும் ஓர் இடத்தில் செயலிழக்கச் செய்யும். அதனால்தான் பலரும் அந்தப் பழுதை ஏ.சி.யின் தரக்குறைவு என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இந்த இடத்தில் எதுவும் செய்யாது. அதனுள்ளே இருப்பது திடீரென்று பாயும் உயர் வோல்டேஜை விழுங்கும் வேரிஸ்டர்கள் மட்டுமே; பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஜூல் எண்ணிக்கை அந்த விழுங்கும் திறனைத்தான் குறிக்கிறது. எங்கள் கருவியிலும் 1,790 ஜூல் திறன் கொண்ட அந்தப் பகுதி இருக்கிறது. ஆனால் இத்தனை காலத்தில் எங்களைக் காப்பாற்றியவை துண்டிக்கும் திறனும் வயரிங் சோதனையுமே. வாங்கும்போது ஜூல் எண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட, "இது வோல்டேஜ் தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்குமா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்பது மேல்.

துண்டித்த பின் மீண்டும் இணைப்பதிலும் அது காட்டும் நிதானம் எனக்குப் பிடித்தது. 15 வினாடி அல்லது 136 வினாடி என்று காத்திருப்பு நேரத்தை அமைக்கலாம். நாங்கள் வைத்திருப்பது 136. ஓடி நின்ற கம்ப்ரசரின் ஒரு பக்கத்தில் உயர் அழுத்தமும் மறுபக்கத்தில் தாழ்ந்த அழுத்தமும் நிற்கும். அவை சமநிலைக்கு வருமுன் மோட்டாரைக் கிளப்பினால், சுழல முடியாமல் முடங்கி, வழக்கமான ஓட்டத்தைப் போலப் பல மடங்கு ஆம்பியரை இழுக்கும். விட்டுவிட்டு வரும் மின்சாரத்தில் ஏ.சி. கெடுவதற்கு இது முதன்மையான காரணம்.

வயரிங் கோளாறுகளுக்கு வருகிறேன். வளைகுடாக் கரையோரத் தளம் ஒன்றில் பிளக்கைச் செருகியதும் இ1 என்று காட்டி, மின்சாரத்தை உள்ளே விடவே மறுத்தது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. தள மேலாளர் வந்து பார்த்து, அண்மையில் மாற்றிய சாக்கெட் என்றார். கம்பிகளைச் சரிசெய்து கொடுத்தார். இதைவிடக் கொடிய தவறு ஒன்று உண்டு. டி.டி.-30 என்னும் இந்த 30 ஆம்பியர் சாக்கெட் 120 வோல்ட்டுக்கு உரியது. ஆனால் அதைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் சிலர், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு உரிய 240 வோல்ட் சாக்கெட் என்று எண்ணி, இரண்டு ஃபேஸ் கம்பிகளை அதில் இணைத்துவிடுகிறார்கள். குறிப்பாக, வீட்டு முற்றத்தில் டிரெய்லருக்கென்று புதிதாகச் சாக்கெட் வைக்கும்போது இது நடக்கிறது. செருகிய நொடியில் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், தொலைக்காட்சி எல்லாம் போய்விடும். இ.எம்.எஸ். கருவி முதலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கான்டாக்டரை மூடும் என்பதால், அந்த 240 வோல்ட் உள்ளே போகாது. இரண்டு ஃபேஸ் கம்பிகள் வரும் 50 ஆம்பியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நிகரான ஆபத்து நியூட்ரல் அறுந்துபோவது. அப்போது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான 240 வோல்ட், இருபக்கச் சுமைகளுக்கு ஏற்பப் பிரிந்து, குறைந்த சுமையுள்ள பக்கத்தில் எகிறும். அவர்கள் இந்தக் கருவி இல்லாமல் பயணிக்கவே கூடாது என்பேன்.

இனி, இது காக்காத ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கருவி துண்டிப்பது மின்சாரம் உள்ளே வரும் பாதையைத்தான். எர்த் கம்பியைத் துண்டிப்பதில்லை. பாதுகாப்பு விதிப்படி எர்த் இணைப்பு அறாமல் இருக்க வேண்டும் என்பதால் அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் எர்த் கம்பியிலேயே மின்சாரம் ஏறியிருந்தால், டிரெய்லரின் உலோக உடம்பு முழுவதும் ஷாக் அடிக்கும். பழைய இரு கம்பி வயரிங் உள்ள வீடுகளில், எர்த் இல்லாத குறையை மறைக்க நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். அத்துடன் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், எர்த் துளையில் முழு 120 வோல்ட் நிற்கும். டிரெய்லர் மின் பாதுகாப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் மைக் சோகல் இந்த ஆபத்தை மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறார். மூன்று விளக்குச் சோதனைக் கருவி இதைச் சரியான வயரிங் என்றே காட்டும். துளைகளுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்து அளந்தாலும் எண்கள் சரியாகவே வரும். பேனா வடிவிலான தொடாமல் கண்டறியும் டெஸ்டர் மட்டுமே, எர்த் துளைக்கு அருகே கொண்டுபோனால் ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுக்கும். உறவினர் வீட்டு முற்றத்தில் டிரெய்லரை நிறுத்தி, கராஜ் சாக்கெட்டில் இணைக்கிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. குழந்தைகள் ஈரத்தரையில் வெறுங்காலுடன் ஓடிவந்து டிரெய்லரின் கதவுக் கைப்பிடியைப் பிடிப்பதை நினைத்துப் பார்த்தால், அதற்காகும் ஒரு நிமிடம் பெரிதாகத் தோன்றாது.

எனவே எங்கள் வழக்கம் இதுதான். மின்பெட்டியின் பிரேக்கரை முதலில் அணைத்து, சாக்கெட்டில் கருகிய தடமோ பச்சைப் பூப்போ இருக்கிறதா என்று பார்ப்போம். கரையோரத் தளங்களில் உப்புக் காற்றால் அது அடிக்கடி தென்படும். பிரேக்கரைப் போட்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளப்போம். பேனா டெஸ்டரை எர்த் துளையிலும் பெட்டியின் உலோக உறையிலும் காட்டுவோம். மீண்டும் அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவோம். சுமையோடு செருகும்போது எழும் தீப்பொறி பிளக்கின் தகடுகளை அரித்துவிடும். ஏ.சி. அரைமணி நேரம் ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பார்ப்போம். தளர்ந்த சாக்கெட்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 25 ஆம்பியர் ஓடும்போது அங்கே 62 வாட் வெப்பம் பிறக்கும். சாலிடரிங் இரும்பு ஒன்றைப் பிளக்குக்குள் வைத்தது போல. பிளக் உருகிய வண்டிகள் பலவற்றின் கதை இதுதான். அதை எங்கள் கருவி வோல்டேஜ் கோளாறாக முன்கூட்டிக் கண்டுகொள்வதில்லை.

எதிர்பாராமல் எங்களுக்குப் பெரிதும் உதவியது, உள்ளே சுவரில் இருக்கும் சின்னத் திரை. வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், பிழைக் குறியீடு என்று மாறிமாறிக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த எண்கள், எது எவ்வளவு இழுக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டன. ஏ.சி. 13 ஆம்பியர், மின்சாரத்தில் போட்டால் வெந்நீர்க் கொதிகலன் 12, இரண்டும் சேர்ந்தே 25. அதன் மேல் மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும். வோல்டேஜ் 110-க்குக் கீழே போகத் தொடங்கியதும் கொதிகலனையும் குளிர்சாதனப் பெட்டியையும் புரொப்பேன் எரிவாயுவுக்கு மாற்றிவிடுவோம். நம் வண்டிக்குள் சுமை குறைந்தால், மின்பெட்டிவரை உள்ள நீண்ட கம்பியில் இழப்பும் குறையும். 50 அடி நீள, 10 கேஜ் தடிமனுள்ள நீட்டிப்புக் கம்பி 25 ஆம்பியரில் 2.5 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். அதனால் தேவையில்லாத இடத்தில் அந்தக் கம்பியை வெளியே எடுப்பதே இல்லை. மேலே சொன்ன மலைநாட்டுத் தளத்தில் இத்தனைக்குப் பிறகும் வோல்டேஜ் 104-க்கு மேல் நிற்கவில்லை. மேலாளரிடம் திரையைக் காட்டினோம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் வேறிடம் கொடுத்தார். அங்கே அதே பிற்பகலில் 113 இருந்தது.

வோல்டேஜை உயர்த்தித் தரும் ஆட்டோஃபார்மர் வாங்கலாமா என்றும் யோசித்தோம். ஹியூஸ் நிறுவனத்தின் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. பயன்படுத்தும் நண்பர்கள் நிறைவாகவே பேசுகிறார்கள். ஆனால் பத்து சதவீதம் உயர்த்தித் தர வேண்டுமானால் மின்பெட்டியிலிருந்து பத்து சதவீதம் கூடுதல் ஆம்பியரை அது இழுத்தாக வேண்டும். ஏற்கெனவே திணறும் கம்பிகளுக்கு அது கூடுதல் சுமை, சில தளங்கள் அனுமதிப்பதும் இல்லை. அந்தப் பணத்தில் ஏ.சி.க்கு மைக்ரோ-ஏர் ஈஸிஸ்டார்ட் என்ற, கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் மென்தொடக்கக் கருவியைப் பொருத்தினோம். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிவது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. விளக்குகள் கண்சிமிட்டுவதும் நின்றது. மாதக்கணக்கில் ஒரே பழைய தளத்தில் தங்குகிறவர்களுக்கு ஆட்டோஃபார்மர் பொருத்தமாக இருக்கலாம்.

உள்ளே நிலையாகப் பொருத்தும் வகையா, மின்பெட்டியில் தொங்கவிடும் வகையா என்பது அடுத்த கேள்வி. நிலையான வகை திருடு போகாது, மழையில் நனையாது, ஜெனரேட்டரில் ஓடும்போதும் காக்கும். தொங்கும் வகையோ வண்டியின் கம்பிக்கும் சேர்த்துக் காவலாகும். வண்டி மாற்றினால் கையோடு எடுத்துச் செல்லலாம். வயரிங் வேலையில் பழக்கமில்லாதவர்களுக்குத் தொங்கும் வகையே நல்லது. ஜெனரேட்டர் பற்றி ஒரு குறிப்பு: ஹோண்டா இ.யூ.2200ஐ போன்ற சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்துடன் இணைந்திருக்காது. அதை எர்த் அறுந்ததாகக் கருதி, இந்தக் கருவி இ2 காட்டி மறுத்துவிடும். நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் சிறிய பிளக் ஒன்றை ஜெனரேட்டரின் மற்றொரு சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பிளக்கைக் கேம்ப்கிரவுண்ட் சாக்கெட்டிலோ வீட்டுச் சாக்கெட்டிலோ செருகவே கூடாது. நாங்கள் அதை ஜெனரேட்டரின் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறோம்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓடும் வண்டியின் அதிர்வில் கம்பிமுனைத் திருகுகள் தளரும் என்பதால், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வெளி இணைப்பையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அவற்றை இறுக்குகிறேன். இ10 என்ற குறியீடு வந்தால் சர்ஜ் பகுதி தேய்ந்துவிட்டது என்று பொருள்; அதை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு இதுவரை அந்தக் குறியீடு வரவில்லை. கூரை ஏ.சி. வண்டியோடு வந்த அதே ஏ.சி.தான்.