கண் டெஸ்ட் கேட்காத காக்பிட்: மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020

கேம் விளையாடுகிறவர்களுக்காக இந்த விமர்சனத்தை எழுதவில்லை. சின்ன வயதில் பைலட் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டு, காசோ கண்ணோ மார்க்கோ ஏதோ ஒன்று குறுக்கே வந்து, இன்று வேறு வேலை பார்த்துக்கொண்டு, மேலே சத்தம் கேட்டால் இன்னமும் அண்ணாந்து பார்க்கிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். அவர்களுக்காக எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் இந்த சிமுலேட்டரைச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் உட்கார்ந்து படிக்கத் தயாராக இருந்தால் மட்டும்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம், கேரளாதான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். ஒரு பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் கோவை, இன்னொரு பக்கம் கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. கோவையில் மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் ஏறும். பனைமரத்துக்கு மேலே ஏறிக்கொண்டே போகும் விமானத்தைப் பார்த்தே வளர்ந்த பையன் வேறு என்ன ஆக ஆசைப்படுவான்?

பிளஸ் டூவில் பிசிக்ஸ், மேத்ஸ் இரண்டும் எடுத்தேன், அதற்காகவே எடுத்தேன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு அப்போது அவை கட்டாயம். அப்புறம் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் கண்ணை ஒருமுறை காட்டிவிடலாம் என்று அப்பா கோவைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார், பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். முதல் பக்கத்தில் 12. அது எல்லோருக்கும் தெரியும். நாலைந்து பக்கம் தள்ளி ஒன்று வந்தது, நான் 21 என்றேன். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி அதே பக்கத்தைக் காட்டினார். மறுபடியும் 21. பின்னால் நின்றிருந்த அப்பா குனிந்து பார்த்து, "எழுபத்திநாலு தானே கண்ணு, நல்லாப் பாரு" என்றார். நல்லாத்தான் பார்த்தேன். ஜப்பான்காரர் இஷிஹாரா 1917-ல் கொண்டுவந்த பரிசோதனை அது. சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவன் 74-ஐ 21 என்று படிக்கும்படியே அந்தப் பக்கத்தைப் போட்டிருக்கிறார்கள். அன்றோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றது. இப்போது ஒரு தீவன மில்லில் கணக்கு பார்க்கிறேன்.

சரி, சிமுலேட்டருக்கு வருவோம்.

1982-ல் தொடங்கிய வரிசை இது. 2020 பதிப்பைச் செய்தது அசோபோ என்ற பிரெஞ்சு நிறுவனம், அந்த வருடம் ஆகஸ்ட் 18-ல் வெளிவந்தது. பிங் மேப்ஸின் செயற்கைக்கோள் படங்களைத் தரையாக விரித்து, உலகத்தில் இருக்கிற சுமார் 37,000 விமானத் தளங்களை அதன்மேல் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் வீடுகளையும் மரங்களையும் படத்தைப் பார்த்துக் கணினியே ஊகித்துக் கட்டுகிறது. அதனால் உங்கள் ஊர் ஓட்டுவீடு அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தரை நம்முடையது. வரப்பு, தென்னந்தோப்பு, குளம், ரோடு, எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும். வாளையார் அணையையும் மலம்புழாவையும் மேலே இருந்து பார்த்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மேப் இல்லாமலே சொல்லிவிடலாம்.

முதலில் செஸ்னா 152-ஐ எடுங்கள். இரண்டு சீட்டு, 110 குதிரைத்திறன், உலகம் முழுக்க எத்தனையோ பைலட்கள் கற்றுக்கொண்ட விமானம். ஏர்பஸ்ஸும் போயிங்கும் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றைக் கொஞ்ச காலம் தொடவேண்டாம். பெரிய விமானத்தில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும், அப்படி அலுத்துப்போய்க் காசு வீண் என்று சொல்பவர்கள் நிறைய. சின்ன விமானம் அலுக்காது, ஏனென்றால் அது ஒவ்வொரு நொடியும் உங்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சின் விசையைக் கூட்டும் திராட்டிலைத் தள்ளினால் மூக்கு இடதுபக்கம் இழுக்கும், வாலில் இருந்து மூக்கைத் திருப்பும் ரட்டரை வலதுபக்கம் கொஞ்சம் கொடுத்துப் பிடிக்கவேண்டும். வேகம் குறைந்துகொண்டே வந்தால் ஸ்டால் ஹாரன் என்ற எச்சரிக்கை ஒலி முனக ஆரம்பிக்கும், அப்போது மூக்கை இறக்கவேண்டும், பயத்தில் மேலே இழுத்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும்.

நேரடி வானிலை என்று ஒரு வசதி இருக்கிறது. இந்தப் பொருளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ தரும் தகவலை வைத்து அந்த நேரத்துக் காற்றையும் மேகத்தையும் வெப்பத்தையும் கொண்டுவருகிறது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதன் அருமை தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஆடிக்காற்று அடித்தால் கொடியில் காயப்போட்ட துணி கிடைமட்டமாக நிற்கும். அதே காற்று திரையிலும் வரும். கோவையின் ஓடுபாதைக்கு எண் 05/23, அதாவது ஒரு முனை கிட்டத்தட்ட 230 டிகிரி திசையைப் பார்க்கிறது. காற்று 260 டிகிரி திசையில் இருந்து 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) என்றால் நடுவே 30 டிகிரி, சரியாகப் பாதி, 9 நாட் பக்கவாட்டில் தள்ளும். பிளஸ் டூவில் படித்த சைன் 30 அங்கே வந்து நிற்கிறது. மே மாத மதியத்தில் கிளம்பிப் பாருங்கள், கதை வேறு. தளமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 அடி, வெயில் 35 டிகிரி, காற்று மெலிந்து எஞ்சினுக்கு அது கிட்டத்தட்ட 4,000 அடி உயரம் மாதிரி ஆகிவிடும். காலையில் துள்ளி ஏறிய 152 இப்போது முக்கி முக்கி ஏறும்.

கிளம்புவதெல்லாம் கஷ்டமே இல்லை, இறங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும், பாப்பி என்பார்கள். இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் மூன்று டிகிரி சரிவில் சரியாக வருகிறோம். நாலும் வெள்ளை என்றால் உயரம் அதிகம், நாலும் சிவப்பு என்றால் தாழ்ந்துவிட்டோம், உடனே ஏதாவது செய்யவேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் என்னை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை இந்த நான்கு விளக்குகளிடம்தான் புரிந்துகொண்டேன். கிட்டே வந்தால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. மங்கலான வானிலையில், மூன்று மைல் தூரத்தில், மானிட்டரில் அவை எனக்கு நான்கு புள்ளிகள், அவ்வளவுதான். அதனால் வேறு வழி படித்தேன். தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கவேண்டும் என்று வரும். 65 நாட் என்றால் 325 அடி. ஒரு கடல்மைலுக்குச் சுமார் 300 அடி, ஆகவே மூன்று மைலில் தரைக்கு மேல் 900 அடியை ஒட்டி இருக்கவேண்டும். இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். மகள் சில நாள் பக்கத்தில் வந்து உட்காருவாள். "அப்பா, மூணு வெள்ளை. இன்னும் மேலதான் இருக்கீங்க. இப்ப ரெண்டு ரெண்டு. அப்படியே வாங்க" என்பாள். என் கணக்கும் அவள் கண்ணும் ஒரே இடத்தில் சேர்ந்து சக்கரம் தரையைத் தொடும்போது வரும் சந்தோஷத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கருவிகள் பக்கம் பயமில்லை. திரை வகைக் கருவிப்பலகையில் ஜிபிஎஸ் பாதை மெஜந்தாவிலும் ரேடியோ பாதை பச்சையிலும் வரும், ஆனால் எது எது என்று பக்கத்தில் எழுத்திலும் இருக்கும். நிறக்குறைபாடு உள்ளவர்கள் தயங்கவேண்டாம்.

கரிப்பூர் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கோழிக்கோடு விமான நிலையம் மலையை வெட்டிச் சமப்படுத்தியது, ஓடுபாதை முடிகிற இடத்தில் பள்ளம். 2020 ஆகஸ்ட் 7 இரவு, துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில், பின்காற்றோடு, ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டு, கடைசியில் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். இந்த சிமுலேட்டர் வெளிவந்தது அதற்குப் பதினொரு நாள் கழித்து. கல்ஃபில் ஆள் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு, அந்த இரவு யாரும் தூங்கவில்லை. மழை நாளில் அங்கே இறங்கிப் பாருங்கள், பின்காற்று பத்து நாட் இருந்தால் ஓடுபாதை எவ்வளவு வேகமாகத் தீர்ந்துபோகிறது என்று உடம்புக்குப் புரியும். தொடவேண்டிய இடத்தில் தொடவில்லை என்றால் திராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏறிவிடவேண்டும், இன்னொரு சுற்று வரலாம். அங்கே மோதிப் பார்த்து வீடியோ போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

செலவு விஷயம். நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச ரேம் 8 ஜிபி, பரிந்துரைப்பது 16. குறைந்தபட்சத்தை நம்பி இறங்கவேண்டாம், 16 இருந்தால்தான் நிம்மதி. டிஸ்க்கில் 150 ஜிபி இடம் கேட்கிறது, எஸ்எஸ்டி-யில் போடுங்கள். தரைப்படங்கள் இணையம் வழியே வருவதால் நல்ல இணைப்பு வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் ஊர் இணைப்பு எப்போது போகும் என்று சொல்லமுடியாது, அதற்கு ஒரு வழி இருக்கிறது: அமைப்புகளில் மேனுவல் கேஷ் என்ற இடத்தில் நீங்கள் அடிக்கடி பறக்கும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நான் கோவையில் இருந்து பாலக்காடு வரை இறக்கி வைத்திருக்கிறேன்.

கீபோர்டில் ஓட்டாதீர்கள், அது பறப்பதே இல்லை. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ போன்ற ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். பிடியைத் திருகினால் ரட்டர், அடியில் ஒரு சின்ன திராட்டில், 12 பட்டன். பழையது வாங்குவதாக இருந்தால் கடையிலேயே கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கோவையில் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த பழைய ஸ்டிக் நடுவில் நிற்கவே நிற்காது, கையை விட்டால் விமானம் தானாக இடதுபக்கம் சாயும், திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். பதிப்பைப் பொறுத்தவரை ஸ்டாண்டர்டு போதும், 20 விமானங்கள் அதிலேயே உண்டு. முள் வைத்த பழைய பாணி மீட்டர்களோடு செஸ்னா 172 வேண்டும் என்பவர்கள் மட்டும் டீலக்ஸுக்குப் போகலாம்.

2024 நவம்பரில் அடுத்த பதிப்பும் வந்துவிட்டது. அதில் லைசென்ஸ் வாங்குவதில் தொடங்கிப் படிப்படியாக வேலை பார்த்து முன்னேறும் கேரியர் பகுதி இருக்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது 2020-ஐ விட இணையத்தை அதிகம் நம்பியிருக்கிறது, எங்கள் ஊர் மாதிரி இடங்களில் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். காசே செலவழிக்க முடியாது என்றால் ஃபிளைட்கியர் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். எக்ஸ்-பிளேன் 12-க்கு இலவச டெமோ இருக்கிறது, இறக்கையின் ஒவ்வொரு துண்டிலும் காற்று என்ன செய்கிறது என்று தனித்தனியாகக் கணக்கிடும் முறை அதனுடையது, ஸ்டிக்கைப் பிடித்தால் கையில் தெரியும்.

கொஞ்சம் தேறியதும் வாட்சிமில் சேருங்கள். தன்னார்வலர்கள் கன்ட்ரோலராக உட்கார்ந்து உங்களோடு ரேடியோவில் பேசும் இலவச அமைப்பு. என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று தயங்கவேண்டாம், ரேடியோ பேச்சுக்கு வார்த்தைகள் குறைவு, ஒழுங்குதான் முக்கியம். உங்கள் விமானத்தின் பெயரைச் சொல்லி யாரோ முகம் தெரியாத ஒருவர் "கிளியர்டு டு லேண்ட்" என்று சொல்லும்போது முதுகு நேராகிவிடும்.

இங்கே பறக்கும் மணிநேரம் எந்த லைசென்ஸ் கணக்கிலும் ஏறாது. உண்மையான கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணிநேரம் வானத்தில் பறந்திருக்கவேண்டும், அதற்கு ஆகும் லட்சங்கள் வேறு. உங்கள் பிள்ளைக்கு இந்த ஆசை இருந்தால் சிமுலேட்டர் வாங்கிக்கொடுங்கள், ஆனால் அதோடு கண் பரிசோதனையையும் சின்ன வயதிலேயே செய்துவிடுங்கள். பிளஸ் டூ முடிந்த பிறகு தெரிவதும் ஏழாம் வகுப்பில் தெரிவதும் ஒன்றில்லை. என் வலி இதனால் போய்விட்டதா என்றால், போகவில்லை. கோவையில் கிளம்பிய விமானம் தலைக்கு மேலே போனால் இன்னமும் ஏதோ செய்கிறது. ஆனால் இப்போது அது எந்த ஓடுபாதையில் ஏறியிருக்கும், காற்று எந்தப் பக்கம், அடுத்து எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியும். முன்னே அண்ணாந்து பார்த்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது.

வாங்கினீர்கள் என்றால் முதல் பயணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஆடி மாதக் காலை, நேரடி வானிலையைப் போட்டு, கோவையில் 23 என்ற ஓடுபாதை முனையில் செஸ்னா 152. 50 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்குங்கள், 67 நாட் வேகத்தில் ஏறுங்கள், 3,500 அடியில் சமன் செய்யுங்கள். வலப்பக்கம் வாளையார் காடு, இடப்பக்கம் தூரத்தில் ஆனைமலை. பாலக்காடு வரைக்கும் எதிர்க்காற்றுதான், மெதுவாகத்தான் போகும், திரும்பும்போது தள்ளிக்கொண்டு வந்துவிடும்.