செஹத் ஓபிடி ரிவ்யூ: டாக்டர் வீட்டுக்கு வந்துட்டார், மாத்திரை இன்னும் வரல

ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரங்க வீடுகள்ல அடிக்கடி வர்ற கேள்வி இது, செஹத் ஓபிடி நிஜமாவே உபயோகமா இல்ல போன்ல சும்மா கிடக்குற இன்னொரு கவர்மெண்ட் ஆப்பான்னு. எங்க நைனா ஆர்ட்டிலரில, அதாவது பீரங்கிப் படைல, நாயப் சுபேதார்ங்கற ரேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், வயசு 70 ஆகப் போகுது, பீபி சுகர் ரெண்டும் இருக்கு, காது பாதிக்கு மேல கேக்காது. அவருக்காக நான்தான் போனை பிடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காருவேன், அதனால இந்த ரிவ்யூ பாதி அவரோடது பாதி என்னோடது. முடிவை முன்னாடியே சொல்லிடறேன், டாக்டர் கிட்ட பேசணும்னா அருமை, மருந்து வாங்கணும்னா பஸ்ஸுக்கு சில்லறை எடுத்து வைங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. ராணுவம், நேவி, ஏர்ஃபோர்ஸ் மூணுக்கும் சேர்த்து பாதுகாப்பு அமைச்சகம் நடத்துற வீடியோ ஓபிடி இது, அதாவது வீட்ல இருந்தே வீடியோ கால்ல டாக்டரைப் பாக்கலாம். 2020 ஆகஸ்ட்ல சோதனையா ஆரம்பிச்சாங்க, 2021 மே 27ம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் முறைப்படி தொடங்கி வச்சார், அதுக்குள்ளயே 6,500 பேருக்கு மேல பாத்திருந்தாங்க. கொரோனா ரெண்டாவது அலை ஓடிட்டு இருந்த நேரம், ஆஸ்பத்திரி பக்கம் போகவே எல்லாரும் பயந்துட்டு இருந்தாங்கல்ல, அப்போ வந்தது. மொகாலில இருக்கற சி-டாக்ங்கற மத்திய அரசு கம்ப்யூட்டர் நிறுவனம் தான் செஞ்சது, அவங்களே பொதுமக்களுக்கு செஞ்ச இ-சஞ்சீவனிங்கற வீடியோ டாக்டர் சேவையோட தம்பின்னு வச்சுக்கோங்க, இ-சஞ்சீவனி பழகினவங்களுக்கு இதுவும் உடனே பிடிபட்டுடும். சர்வீஸ்ல இருக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க, அவங்க குடும்பம் எல்லாருக்கும் ஃப்ரீ.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. மொபைல் நம்பர் போட்டா ஓடிபி வரும், நோயாளி விவரம் போட்டு, கையில ரிப்போர்ட் இருந்தா போட்டோ எடுத்து ஏத்தி, டோக்கன் வாங்கி, நம்ம முறை வர்ற வரைக்கும் காத்திருந்து கால் பண்ணணும், பேசி முடிச்சதும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துடும். ஆனா 70 வயசு ஆள் தனியா உக்காந்து இதை முடிப்பார்னு எதிர்பார்க்காதீங்க, ஓடிபி வர்ற சிம் மகன் போன்ல இருக்கும், மகன் ஓசூர்ல ஷிப்ட்ல இருப்பான், இதுதான் பாதி வீட்டு நிலைமை. டவுன்லோட் பண்ணும்போது ஜாக்கிரதை, வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின லிங்க்ல இருந்து இறக்காதீங்க, பென்ஷன்காரங்க போன்னா மோசடி பண்றவனுக்கு ஒரு தனி பாசம். ப்ளே ஸ்டோர்ல எடுங்க, வெப்சைட்னா முகவரி டாட் கவ் டாட் இன்னுல (.gov.in) முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது எந்த ஆப் டெக்னாலஜியும் இல்ல, எதிர்ல உக்காந்திருக்கற ஆள்தான். அவர் ராணுவ டாக்டர். ஸ்க்ரீன்ல மேஜர்னு பாத்ததும் நைனா பனியனோட உக்காந்திருந்தவர் எழுந்து போய் சட்டை போட்டுட்டு வந்தார், அந்தப் பக்கம் அந்த டாக்டர் "ராம் ராம் சாப்"னு ஆரம்பிச்சதும் மனுஷன் முகமே மாறிப் போச்சு. ஊர்ல எந்த டாக்டர் கிட்ட போனாலும் காது எதனால போச்சுன்னு முதல்ல இருந்து கதை சொல்லணும், இங்க "கன்னர்"னு, அதாவது பீரங்கிக்காரன்னு, ஒரு வார்த்தை சொன்னார், போஃபர்ஸ் ரெஜிமெண்ட்டா எத்தனை வருஷம்னு கேட்டாங்க, முடிஞ்சது. 155 எம்எம் பீரங்கி பக்கத்துல சர்வீஸ் பண்ணவன் காது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், பீபி ஏன் இறங்கலைன்னு பாத்துட்டு அந்த டாக்டர் சிரிச்சுக்கிட்டே "கேன்டீன் கோட்டாவ முழுசா வாங்கறீங்களா சாப்"னு ஹிந்தில கேட்டார் பாருங்க, அதான் மிலிட்டரி கேன்டீன்ல கிடைக்கற சரக்கு, வெளி டாக்டர் யாருக்கும் கேக்கத் தோணாத கேள்வி. நைனா பதில் சொல்றதுக்கு முன்னாடி அம்மா சொல்லிட்டாங்க.

காது விஷயத்துல ஒரு டிப்ஸ். போன் ஸ்பீக்கர் எல்லாம் வேலைக்கு ஆகாது, வயர் வச்ச ஹெட்போன் 300, 400 ரூபாய்க்கு கிடைக்கறது போதும், பெரிய ஸ்க்ரீன் இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா காது கேக்காதவங்க பாதி உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்கறாங்க. ஆர்ட்டிலரி, டாங்க் ரெஜிமெண்ட்ல இருந்தவங்க வீட்ல இது இல்லாம வீடியோ கால் போடறது வீண், நீங்க கத்துவீங்க, டாக்டர் கத்துவார், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு உங்க சுகர் எவ்வளவுன்னு தெரிஞ்சு போகும்.

இப்போ குறைக்கு வரேன். டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டார், சரி, அந்த மாத்திரை எங்க? எங்க பாலிகிளினிக், அதாவது ஈசிஹெச்எஸ்ஸோட க்ளினிக், இருக்கற டவுனுக்கு ரெண்டு பஸ் மாறணும். ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரங்க குடும்பத்துக்கான இந்த மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல்ல வந்ததுல இருந்தே இப்படித்தான், கார்டை காட்டி, பதிவு போட்டு, மெடிக்கல் ஆஃபீசரை பாத்து, மருந்து கவுன்ட்டர்ல நின்னு, அதுல நாலு மாத்திரைல ஒண்ணு என்ஏ, அதாவது ஸ்டாக் இல்ல, அதுக்கு அவங்க சொல்ற மெடிக்கல்ல வாங்கணும் இல்ல நாமளே காசு குடுத்து வாங்கிட்டு பில்லு போட்டு காத்திருக்கணும். இந்த வேலையில டாக்டரைப் பாக்கற நேரம் எவ்வளவு? அஞ்சு நிமிஷம் இருக்குமா? செஹத் மிச்சம் பண்ணிக் குடுக்கறது அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான். ரெண்டு பஸ்ஸு, வரிசை, கவுன்ட்டர், என்ஏ எல்லாம் அப்படியேதான் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல், அதாவது அனுப்பி வைக்கற சீட்டு, வேணும்னாலும் நாங்க பாலிகிளினிக் போய்தான் வாங்கறோம். செஹத் சீட்டை பிரிண்ட் எடுத்துட்டுப் போனா பாலிகிளினிக் டாக்டர் அதைப் பொறுமையா படிச்சுப் பாத்துட்டு தன் கம்ப்யூட்டர்ல மறுபடியும் முதல்ல இருந்து எழுதினார், அது அவர் தப்புன்னு சொல்ல மாட்டேன், மருந்துக்கு கையெழுத்து போடறவர் அவரு. உங்க பாலிகிளினிக்ல அந்தச் சீட்டுக்கு என்ன மரியாதைன்னு போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க, வெயில்ல போய் திரும்பி வராதீங்க.

மருந்து வீட்டு வாசல்ல வந்து சேர்ற அன்னைக்குத்தான் இது முழு சேவை, அதுவரைக்கும் நல்ல ஆலோசனை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, வீடியோல எல்லா மருந்தும் எழுத முடியாது. 2020 மார்ச் 25ல வந்த டெலிமெடிசின் விதிமுறைப்படி போதை மருந்து சட்டத்துக்குள்ள வர்றது, ஷெட்யூல் எக்ஸ்ங்கற கடும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியல்ல இருக்கறது இதெல்லாம் தடை, அதனால மார்ஃபின் மாதிரி வலி மருந்து எடுக்கறவங்க இதை நம்பி உக்கார வேண்டாம். தடை மருந்து கேட்டா டாக்டர் மாட்டேன்னுதான் சொல்வார், கோபப்படாதீங்க.

மொழி. டாக்டர் நாட்ல எந்த மூலையில வேணா உக்காந்திருப்பார், பேச்சு பெரும்பாலும் ஹிந்தி இல்ல இங்கிலீஷ். நைனாவுக்கு பிரச்சனையே இல்ல, நம்ம ஊர் மிலிட்டரிக்காரங்க ஹிந்தில கனவே காண்பாங்க. ஆனா அம்மாவுக்கு முட்டிவலின்னு கால் போட்டா நைனா நடுவுல உக்காந்து மொழிபெயர்க்கணும், அவர் அம்மா சொன்னதுல பாதியை விட்டுட்டு தன் கருத்தைச் சேர்த்துதான் சொல்வார். இது சிரிக்கற விஷயம், ஆனா புருஷன் இறந்து போயிட்ட வீட்டுக்காரம்மாக்களை நினைச்சுப் பாருங்க, அவங்களுக்கும் இதே உரிமை இருக்கு, பக்கத்துல ஹிந்தி பேச ஆள் இல்ல.

மனசு சம்பந்தப்பட்டதுன்னா செஹத்தை விட்டுட்டு 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்ங்கற கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க, எந்த நேரமும் உண்டு, காசு கிடையாது, ஆப்பும் வேண்டாம். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 2023 டிசம்பர் 1ம் தேதி புனே ராணுவ மருத்துவக் கல்லூரில முப்படைக்குன்னே ஒரு தனிப் பிரிவும் திறந்தாங்க. நைனாவோட பழைய பேட்ச்காரர் ஒருத்தர் ராத்திரி தூக்கமே இல்லாம மொட்டை மாடில நடந்துட்டே இருப்பார், நேர்ல டாக்டரைப் பாருங்கன்னா சண்டைக்கு வருவார், ஆனா போன்ல பேசினார். முகம் தெரியாம பேசறதுல அவருக்கு என்னமோ சௌகரியம்.

அமெரிக்கால எப்படின்னு ஒரு தடவை தேடிப் பாத்தேன், வயித்தெரிச்சல்தான். அவங்க வெட்டரன்ஸ் டிபார்ட்மெண்ட்ல இன்டர்நெட் வசதி இல்லாத முன்னாள் வீரருக்கு டேட்டாவோட டேப்லெட்டையே கடனா குடுத்து அனுப்பறாங்க, மருந்தும் பெரும்பாலும் தபால்லயே வீட்டுக்கு வந்துடுது. ஒரு மாநில டாக்டர் இன்னொரு மாநிலத்துல இருக்கற ஆளை வீடியோல பாக்கலாம்னு 2018லயே விதியை மாத்திட்டாங்க. டேப்லெட் எல்லாம் நான் கேக்கல, அந்த தபால் மருந்து ஒண்ணு போதும்.

காசு வாங்கற பிரைவேட் ஆப் ஒண்ணும் நடுவுல ட்ரை பண்ணோம், பேர் வேண்டாம், வேகம் நல்லா இருக்கு, ஆனா பேசி முடிக்கறதுக்குள்ள ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ் விக்க ஆரம்பிச்சுட்டாங்க. செஹத்ல யாரும் எதையும் விக்கல, அதுக்கே தனி மார்க் குடுக்கலாம்.

மார்க்னா, டாக்டருக்கு 5க்கு 4.5, ஆப்புக்கு 3, மருந்து கிடைக்கற வழிக்கு 1. லேப் ரிப்போர்ட் வந்திருக்கு அர்த்தம் என்னன்னு தெரியணும், மாத்திரை மாத்தினதுல தலை சுத்துது, வேற டாக்டர் ஆபரேஷன் சொல்லிட்டார் இன்னொரு அபிப்ராயம் வேணும், இதுக்கெல்லாம் தாராளமா யூஸ் பண்ணுங்க, கால் போடறதுக்கு முன்னாடி ஒரு வாரத்து பீபி, சுகர் அளவை பேப்பர்ல எழுதி கையில வச்சுக்கோங்க, டாக்டர் முதல்ல கேக்கறது அதுதான். நெஞ்சுவலி, கை கால் இழுத்துக்கறது, மூச்சுத் திணறல்னா டோக்கனுக்கு உக்காரவே கூடாது, ரெஃபரல் இல்லாமலே எம்பேனல்ல, அதாவது ஈசிஹெச்எஸ் ஒப்பந்தப் பட்டியல்ல, இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, எமர்ஜென்சிக்கு அது செல்லும். பக்கத்துல எம்பேனல் ஆஸ்பத்திரியே இல்லைன்னா எது கிட்டயோ அங்க சேர்த்துட்டு 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லிடுங்க, அது லேட் ஆச்சுன்னா பின்னாடி பில் பாஸ் ஆகறது பெரிய தலைவலி.