பழைய விலை லேபிளுக்குப் புது ஃபர்ம்வேர்: சோலமா, ஹான்ஷோவா, பிரைசரா?

கடை அலமாரியில் விலை காட்டி ஓய்ந்த மின்தாள் லேபிளை வாங்கிவந்து உள்ளே ஓடும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, மாற்றி வீட்டுக் காலண்டராக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது திரையைப் பற்றித்தான். எத்தனை அங்குலம், சிவப்பு வருமா? திரையில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது. படம் மாறும்போது மட்டும் மின்சாரம் குடிக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் கடைசிப் படம் அப்படியே நிற்கும். சிவப்பு இருந்தால் ஒருமுறை மாற பதினைந்து, இருபது வினாடி மினுக்கித் தள்ளும், அவ்வளவுதான். பார்க்கவேண்டியது உள்ளே இருக்கும் ரேடியோவை. படத்தை யார், எங்கிருந்து அனுப்பப்போகிறார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோலம், ஹான்ஷோ, பிரைசர் என்ற லேபிள் நிறுவனங்கள் பிரிவதும் இங்கேதான்.

சோலம் லேபிள்களை எடுத்துக்கொள்வோம். 2015-இல் சாம்சங் எலக்ட்ரோ-மெக்கானிக்ஸிலிருந்து பிரிந்துவந்த நிறுவனம் இது. அதனால் பழைய லேபிள்களில் சாம்சங் பெயரே இருக்கும். பலவற்றின் உள்ளே இருப்பது இசட்பிஎஸ்243 என்ற சிப். 8051 என்ற பழைய சிப் வம்சம். நிரல் வைக்க 64 கிலோபைட் இடம்தான். இதன் பூட்டைத் திறந்து வழிகாட்டியவர் டிமிட்ரி கிரின்பெர்க். அந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததுதான் ஓப்பன்ஈபேப்பர்லிங்க் என்ற திறந்தமூலத் திட்டம். ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை பலகையோடு லேபிளுடன் பேசும் ரேடியோவையும் சேர்த்து அக்சஸ் பாயிண்டாக, அதாவது லேபிள்களுக்குத் தகவல் தரும் நடுநிலையமாக, வைத்துவிட்டால், லேபிள்கள் தூங்கி எழுந்து ‘எனக்கு ஏதாவது இருக்கிறதா?’ என்று அதனிடம் கேட்கும். இருந்தால் இறக்கிக்கொள்ளும், இல்லையென்றால் மறுபடி தூக்கம். வானிலை, காலண்டர், ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருள் அனுப்பும் தகவல் எல்லாம் அக்சஸ் பாயிண்ட்டின் வலைப்பக்கத்திலேயே அமைத்துவிடலாம். ஒன்றுக்குப் பத்து லேபிளாக வீடெங்கும் மாட்டினாலும் கூடுதல் வேலை இல்லை.

தொல்லை முதல் நாளில்தான். லேபிளின் பலகையிலுள்ள தொடுபுள்ளிகளில் கம்பியோ, போகோ பின் என்ற ஸ்பிரிங் ஊசியோ வைத்துப் பழைய ஃபர்ம்வேரை அழித்துப் புதியதை ஏற்றவேண்டும். அழிப்பதற்கு முன் சிப்பிலுள்ள இன்ஃபோ பேஜ் என்ற தனி நினைவகப் பகுதியைப் படித்துச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு லேபிளையும் தனியாக அடையாளம் காட்டும் மேக் முகவரி அங்கேதான் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டால் பத்து லேபிளும் ஒன்றுபோல் முழிக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்தடுத்த ஃபர்ம்வேர் காற்றிலேயே வந்துவிடும், மறுபடி திருப்புளி எடுக்க வேண்டாம்.

ஹான்ஷோவின் ஸ்டெல்லர் வகை 2.13 அங்குல லேபிள் வேறு சங்கதி. உள்ளே டெலிங்க் நிறுவனத்தின் டிஎல்எஸ்ஆர்8359, ப்ளூடூத் பேசவைக்கக்கூடிய சிப். ஷாவ்மி வெப்பமானிக்குத் தனி ஃபர்ம்வேர் எழுதிப் பெயர்வாங்கிய ஆரன் கிறிஸ்டோஃபெல்தான் இதற்கும் எழுதினார். முதல் தடவை நான்கு கம்பி சால்டர் செய்யவேண்டும். அதற்கப்புறம் குரோம் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, ப்ளூடூத் வழியாகவே படமும் அனுப்பலாம், ஃபர்ம்வேரும் மாற்றலாம். ஐஃபோன்காரர்களுக்கு ஒரு வருத்தம்: உலாவியிலிருந்தே ப்ளூடூத் பேசும் வெப் ப்ளூடூத் வசதி சஃபாரியில் கிடையாது. மேசைமேல் ஒரே ஒரு லேபிள், கடிகாரம்போல, போதும் என்றால் இதுவே லேசான வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு லேபிளிடம் நடந்துபோகும் உற்சாகம் எத்தனை வாரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் என் ஓட்டு சோலத்துக்கு.

சால்டரிங் என்றாலே பயமா? கிசிஸ்கி என்ற பெயரில் விற்கும் ப்ளூடூத் லேபிள்கள் இருக்கின்றன. ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டாம். அதன் மொழியைப் பிரித்துப் படித்துவிட்டார்கள், உலாவியிலிருந்தே படம் போகும். குப்பைக்குப் போவதை மீட்டோம் என்ற சந்தோஷம் மட்டும் கிடைக்காது, ஏனென்றால் இதைப் புதிதாகத்தான் வாங்கப்போகிறீர்கள்.

ஸ்வீடனின் பிரைசர் இந்தப் பட்டியலில் ஒரு விநோதம். ரேடியோவே இல்லை, அகச்சிவப்பு ஒளிதான். கடைகளில் கூரையிலிருந்து பாய்ச்சுவார்கள். டிவி ரிமோட் சுமார் 38 கிலோஹெர்ட்ஸில் மினுக்கும், இது 1.25 மெகாஹெர்ட்ஸில். ஆகவே ரிமோட்டுக்கென்று விற்கும் உதிரிகள் உதவாது, எல்இடியை நீங்களே நேரடியாக ஓட்டவேண்டும். ஃபர்டெக் என்ற புனைபெயர்க்காரர் இந்த நெறிமுறையை அவிழ்த்துவைத்திருக்கிறார். லேபிளின் முகவரி அதன் பார்கோடிலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் மாற்றாமலே படம் ஏற்றலாம். படிக்க இதைவிடச் சுவையானது இல்லை. வீட்டில் வைத்துப் பயன்படுத்த இதைவிடச் சள்ளை பிடித்ததும் இல்லை, ஏனென்றால் ஒளி படும் இடத்தில் லேபிள் இருக்கவேண்டும். சோதனையைச் சொந்த லேபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடைக்குள் வேண்டாம்.

‘இதற்கெல்லாம் பதில் ஒரு மின்தாள் திரையும் ஈஎஸ்பி32-உம் வாங்கிச் சேர்த்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம். வைஃபை எழும்போது இழுக்கும் மின்னோட்டத்தை சிஆர்2450 காசு பேட்டரி தாங்காது. சார்ஜ் செய்யும் பேட்டரியும் பெரிய பெட்டியும் தேவைப்படும். லேபிளின் மெலிவு போய்விடும்.

இந்தியாவில் பழைய சரக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. டிஸ்ப்ளேடேட்டா நிறுவனத்தின் குரோமா லேபிள்களையும் ஓப்பன்ஈபேப்பர்லிங்க் ஏற்கும். ஆனால் அவை ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுபவை, 868 மெகாஹெர்ட்ஸ் என்றும் 915 என்றும் இரண்டு ரகம். இங்கே உரிமமில்லாமல் பயன்படுத்தக்கூடியது 865-868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கடைகளிலிருந்து வந்த 915 ரகம் அதில் சேராது. எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, காசு கொடுக்கும்முன் விற்பவரிடம் லேபிளின் பின்பக்கப் படத்தைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.