மூன்று பேய் வீடுகள், ஒரு சட்டப் புத்தகம்: எதில் முதலில் நுழைவது?

அமெரிக்கப் பேய்க்கதை காமிக்ஸில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் மூன்று பெயர்கள்தான் வரும். ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’, ‘ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி’, ‘க்ரீப்பி’. மூன்றும் ஒரே ரகம். இதழுக்கு இதழ் சின்னச் சின்னக் கதைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. கதைக்கு முன்னால் ஒரு கதைசொல்லி வந்து நக்கலாக நாலு வார்த்தை பேசுவான், கதை முடிந்ததும் மறுபடி வந்து இளிப்பான். அம்புலிமாமா வேதாளத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. என்ன, இவர்கள் கேள்வி கேட்டுவிட்டு முருங்கை மரம் ஏறுவதில்லை. அடுத்த பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆயுள் கணக்கில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிரிப்ட் 1950-ல் தொடங்கி 1955-ல் முடிந்தது, மொத்தம் 30 இதழ்கள். க்ரீப்பி 1964 முதல் 1983 வரை, 145 இதழ்கள். ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி 1951 கடைசியில் கடைக்கு வந்து 1983 வரை ஓடியது, 321 இதழ்கள். ஆனால் இன்றைக்கும் பேர் சொல்வது எது? ஐந்து வருடம்கூட முழுசாக ஓடாத கிரிப்ட்தான். தொலைக்காட்சித் தொடரானதும் அதுதான்.

நீண்ட நாளாக நான் இதைத் திறமை வித்தியாசம் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை. மூன்றிலும் வேலை பார்த்தவர்கள் பாதிக்குப் பாதி அதே ஆட்கள். ஜோ ஒர்லாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிப்டை வெளியிட்ட ஈ.சி. நிறுவனத்தில் ஓவியர், க்ரீப்பியின் ஆரம்ப இதழ்களில் ஓவியர், 1968 முதல் ஹவுஸ் ஆஃப் மிஸ்டரிக்கு ஆசிரியர். மூன்று வீட்டிலும் கை நனைத்த மனிதர். வித்தியாசம் சமையல்காரனிடம் இல்லை, 1954-ல் வந்த ஒரு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒருவர் அதோடு மல்லுக்கு நின்று செத்தார், ஒருவர் அதற்குக் கட்டுப்பட்டுப் பிழைத்தார், ஒருவர் அது எட்டாத சந்து வழியாகப் போய்விட்டார்.

கிரிப்ட்: ஏழெட்டுப் பக்கத்தில் தீர்ப்பு

ஈ.சி. முதலில் பைபிள் கதைகளும் பாடக் கதைகளும் போட்ட நிறுவனம். நிறுவனர் மேக்ஸ் கெய்ன்ஸ் 1947-ல் படகு விபத்தில் இறக்க, கடை மகன் வில்லியம் கெய்ன்ஸ் தலையில் விழுந்தது. அவரும் எழுத்தாளரும் ஆசிரியருமான ஆல் ஃபெல்ட்ஸ்டைனும் சேர்ந்து பேய்க்கதைக்குத் திரும்பினார்கள். சேகரிப்பவர்களை இன்றும் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு: இந்தத் தொடருக்கு ‘முதல் இதழ்’ கிடையாது. எண் 17-ல் தொடங்குகிறது. புதுப் பத்திரிகை என்றால் தபால் சலுகைக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும்; அதைத் தவிர்க்க, ஓடிக்கொண்டிருந்த ஒரு குற்றக்கதை இதழின் எண்ணையே தொடர்ந்தார்கள். முதல் மூன்று இதழ்களில் பெயர் ‘தி கிரிப்ட் ஆஃப் டெரர்’, 20-லிருந்துதான் நாம் அறிந்த பெயர்.

கதைகளின் சூத்திரம் சுலபம். கெட்டவன் ஒருவன், அவன் செய்த கொடுமை ஒன்று, கடைசிப் பக்கத்தில் அதே கொடுமை அவனுக்குத் திரும்புவது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இங்கே தெய்வத்துக்கு நிற்க நேரமில்லை, ஏழெட்டுப் பக்கத்துக்குள் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். கடைசி இதழான 46-ல் வந்த ‘பிளைண்ட் அலீஸ்’ ஒன்று போதும். பார்வையற்றோர் விடுதிக்கு நிர்வாகியாக வருபவன் தனக்கு மட்டும் விருந்துச் சாப்பாடும் கதகதப்பும் வைத்துக்கொண்டு, அங்கிருப்பவர்களைக் குளிரிலும் பசியிலும் வாட்டுகிறான். அவர்கள் பொறுமையாக ஒரு வேலை பார்க்கிறார்கள். நிலவறையில் குறுகலான நடைபாதைகள் கட்டி, சுவர் நெடுக சவர பிளேடுகள் பதிக்கிறார்கள். அவனுடைய நாயையே பட்டினி போட்டு, அவனை உள்ளே தள்ளி, நாயை அவிழ்த்துவிட்டு, விளக்கை அணைக்கிறார்கள். ஜார்ஜ் எவன்ஸ் வரைந்தது. அந்த விளக்கு அணைவதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. நிறைய ரத்தத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். நம் மண்டைக்குள் ஓடவிட்டுவிடுகிறார்கள்.

குறையும் சொல்லிவிட வேண்டும். ஃபெல்ட்ஸ்டைன் முதலில் வசனத்தையும் விவரிப்பையும் படம் வரையும் அட்டையிலேயே எழுதிவிடுவார், ஓவியர் மிச்ச இடத்தில் வரைவார். அதனால் கட்டத்தில் பாதியை எழுத்து அடைத்துக்கொள்ளும். படத்தில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டிருப்பான், மேலே ‘அவன் கதவைத் திறந்தான்’ என்று மூன்று வரி. நாலு கதை தொடர்ந்து படித்தால் கொட்டாவி வரும். அந்தக் காலத்துப் பையன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 சென்ட் கொடுத்துப் படித்தது. நாமும் அந்த இடைவெளி விட்டே படிக்க வேண்டும். ஜாக் டேவிஸின் வியர்த்து வழியும் முகங்கள், கிரஹாம் இங்கெல்ஸின் அழுகிச் சொட்டும் பிணங்கள் (இங்கெல்ஸ் பெரும்பாலும் சகோதர இதழ்களில்தான் பிரகாசித்தார்), கோரமான கட்டத்தை ஒரே நீலத்தில் முக்கி எடுக்கும் மேரி செவரினின் வண்ணம், இவையெல்லாம் அப்படிப் படித்தால்தான் ஒட்டும்.

1954 ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில் இளைஞர் குற்றங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு முன்னால் கெய்ன்ஸ் தானாகவே முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் கெஃபாவர் ஈ.சி.யின் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார்: ஒரு கையில் கோடாலி, மறு கையில் வெட்டிய பெண் தலை. இது நல்ல ரசனையா என்றார். பேய்க்கதை இதழின் அட்டைக்கு ஆமாம் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக் கேடு என்று விளக்கமும் தந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அதே வருடம் பதிப்பாளர்களே கூடி ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் விதிகள்தான் நான் சொன்ன சட்டப் புத்தகம். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது. ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், எழுந்து நடக்கும் பிணம், எதுவும் கூடாது. அந்த அமைப்பின் ஒப்புதல் முத்திரை இல்லாத இதழை மொத்த வியாபாரிகள் எடுக்க மாட்டார்கள். கெய்ன்ஸ் பேய்க்கதைகளை மூடினார். மிச்சமிருந்த அறிவியல் கதை இதழில் ஒரு பழைய கதையை மறுபதிப்பாகப் போட முனைந்தபோது கடைசி உரசல். ‘ஜட்ஜ்மெண்ட் டே’. நிறத்தை வைத்துப் பாகுபாடு காட்டும் ரோபோக்களின் கிரகத்துக்கு ஒரு விண்வெளி வீரர் ஆய்வுக்கு வந்து, நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிப் போகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பினத்தவர், முகத்து வியர்வைத் துளிகள் நட்சத்திரம் போல மின்னுகின்றன. அந்த வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றது தணிக்கை. அவர் கறுப்பர் என்பதுதானே கதை! கெய்ன்ஸ் மசியவில்லை, அப்படியே அச்சடித்தார். ஈ.சி.யின் கடைசி காமிக்ஸ் புத்தகம் அதுதான். வரைந்தவர் ஒர்லாண்டோ.

ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி: வளைந்து கொடுத்த வீடு

சூப்பர்மேன், பேட்மேன் வைத்திருந்த டி.சி. நிறுவனத்துக்கு இது ஓரமாகக் கிடந்த பெட்டிக்கடை. ஈ.சி. சூடு பிடித்ததைப் பார்த்து ஆரம்பித்தார்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே சைவம். தணிக்கை வந்தபோது விட்டுக்கொடுக்க இவர்களிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பேய் போய் விண்வெளி ராட்சசர்கள் வந்தார்கள். 1964-ல் செவ்வாய்க் கிரகத்து நாயகன் ஜான் ஜோன்ஸ் குடியேறினான், பேய் வீடு சூப்பர் ஹீரோ வீடானது. இந்த முதல் 173 இதழ்களைத் தாராளமாகத் தாண்டிவிடலாம்.

1968-ல் 174-ஆம் இதழோடு ஒர்லாண்டோ சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த இதழிலேயே கெய்ன் (பதிப்பாளர் கெய்ன்ஸ் இல்லை) என்ற கதைசொல்லிக் காவலாளியை வாசலில் நிறுத்தினார்: கூர் தாடி, கண்ணாடி, குத்தலான பேச்சு. எழுத்தாளர் லென் வெய்னின் சாயலில் வரைந்தது. ஈ.சி.யில் பழகிய கதைசொல்லி உத்தியை, ஈ.சி.யைக் கொன்ற தணிக்கையின் முத்திரையோடு 12 சென்ட் இதழில் கொண்டுவந்து வைத்தார் மனிதர். ரத்தம் காட்ட முடியாது, காட்டேரி கூடாது. பிறகு என்ன இருக்கிறது? சூழல் இருக்கிறது. நீல் ஆடம்ஸின் அட்டைகளைப் பாருங்கள்: இரவு, பாழடைந்த வீடு, முன்னால் குழந்தைகள், அவர்கள் இன்னும் பார்க்காத ஏதோ ஒன்று பின்னால். அட்டையைப் பார்த்து வாங்கியவனுக்கு உள்ளே சில சமயம் சப்பென்று இருக்கும், அதையும் மறைப்பதற்கில்லை. நடுவே செர்ஜியோ அரகோனஸின் சிரிப்புப் பக்கங்கள் கதையை விட நன்றாக இருந்த இதழ்கள் உண்டு.

தணிக்கை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அண்டை வீடான ‘ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்’ இதழில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு கதையின் முன்னுரையில், இதை எனக்குச் சொன்னவன் ஊர் சுற்றும் ஒரு வுல்ஃப்மேன் என்று கதைசொல்லி பேசுகிறான். ஓநாய் மனிதனுக்குத் தடை, எடு என்றது தணிக்கை. ஐயா, எழுத்தாளர் பெயரே மார்வ் வுல்ஃப்மேன்தான் என்றார்கள் இவர்கள். அப்படியானால் பெயரை அச்சில் போட்டு நிரூபி என்று பதில் வந்தது. அவருக்குப் போட்டதும் மற்ற எழுத்தாளர்களும் எங்களுக்கும் போடு என்று நின்றார்கள். ஒரு தடையால் எழுத்தாளர்களுக்குக் கிடைத்த நன்மை.

1971-ல் விதிகள் தளர்ந்தன. டிராகுலா, ஃபிராங்கென்ஸ்டைன் போன்ற பழைய இலக்கிய மரபில் வந்தால் காட்டேரிக்கு அனுமதி. அதே வருடம் ஒர்லாண்டோ பிலிப்பைன்ஸ் போய் அங்கே ஓவியர்களைப் பிடித்தார். ஆல்ஃப்ரெடோ அல்காலா, அலெக்ஸ் நினோ, நெஸ்டர் ரெடொண்டோ. என்னைக் கேட்டால் இந்த வீட்டின் உண்மையான சொத்து இவர்கள்தான். அல்காலாவின் ஒரு கட்டத்தில் சுவரின் காரை உதிர்வது, மரப்பலகையின் ரேகை, கிழவியின் கை நரம்பு எல்லாம் தனித்தனிக் கோடாக இருக்கும். ‘ஷோகேஸ் ப்ரெசெண்ட்ஸ்’ என்று மட்டக் காகிதத்தில் வண்ணம் நீக்கிப் போட்ட தடித் தொகுதிகளைச் சிலர் திட்டுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். அந்தக் காலத்து அச்சு வண்ணம் மூடிப்போட்ட கோடுகள் அதில் வெளியே தெரிகின்றன.

கடைசிக் காலத்தில், 1981-ல், ‘ஐ... வாம்பயர்’ என்று ஒரு தொடர்கதை. 1954-ல் தடை செய்யப்பட்ட அதே காட்டேரிதான் கடைசி இரண்டு வருடம் வீட்டுக்கு வாடகை கட்டினான். அப்போது இதழைப் பார்த்துக்கொண்ட இளம் ஆசிரியர் கேரன் பெர்கர், 1993-ல் டி.சி.க்குள் பெரியவர்களுக்கான காமிக்ஸ் போட்ட வெர்டிகோ பிரிவைத் தொடங்கியவர். ‘சாண்ட்மேன்’ காமிக்ஸ் படித்தவர்களுக்குத் தம்பியைத் திரும்பத் திரும்பக் கொல்லும் கெய்னைத் தெரிந்திருக்கும். அவன் இந்த வாசலில் நின்ற அதே ஆள்.

க்ரீப்பி: சந்து வழி

க்ரீப்பியை வெளியிட்ட ஜேம்ஸ் வாரன் செய்தது எளிய காரியம். தணிக்கை காமிக்ஸ் புத்தகத்துக்குத்தானே? நான் காமிக்ஸே போடவில்லை, பத்திரிகை போடுகிறேன். பெரிய அளவு, கறுப்பு வெள்ளை, விலை 35 சென்ட். முத்திரை வாங்கத் தேவையே இல்லை. (கெய்ன்ஸே தன் ‘மேட்’ நகைச்சுவை இதழை 1955-ல் இப்படித்தான் பத்திரிகையாக மாற்றியிருந்தார்.) பழைய ஈ.சி. ஓவியர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். முதல் அட்டை ஜாக் டேவிஸ், பிறகு ஃப்ராங்க் ஃப்ரஸெட்டாவின் எண்ணெய் ஓவிய அட்டைகள். கதைசொல்லி அங்கிள் க்ரீப்பி.

ஆனால் இதைத் தூக்கி நிறுத்தியவர் ஆர்ச்சி குட்வின். ஆசிரியராக இருந்துகொண்டு பெரும்பாலான கதைகளைத் தானே எழுதினார். ஃபெல்ட்ஸ்டைனுக்கு நேர் எதிர்: எந்த ஓவியருக்கு எது வரும் என்று பார்த்து, எழுத்தைக் குறைத்து, இடத்தைப் படத்துக்கு விட்டார். 10-ஆம் இதழில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ அதற்குச் சாட்சி. அரிய மாந்திரீகப் புத்தகத்துக்காக எதையும் செய்யத் துணிந்த ஒருவனின் கதை. பக்கத்தின் அடியில் கண் மட்டும் தெரியும் ஒரு கட்டம் வருகிறது. மேலே கதை ஓடுகிறது. பக்கம் திருப்பத் திருப்ப அந்த இமை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. யாருடைய கண், ஏன் மூடுகிறது என்று கடைசியில்தான் தெரியும். கிரிப்டாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பத்தி எழுத்து இருந்திருக்கும்.

1967-ல் வாரனிடம் பணம் வற்றியது, 17-ஆம் இதழோடு குட்வின் போனார், பழைய கதைகளை மறுபடி போட்டு ஒப்பேற்றினார்கள். 1971-ல் பார்சிலோனாவிலிருந்து ஸ்பானிஷ் ஓவியர்கள் வந்தபின் முகம் மாறியது. பார்க்க அழகு, கதை பல சமயம் புரியாது. நடுவே மின்னல்கள் உண்டு: 63-ஆம் இதழில் புரூஸ் ஜோன்ஸ் எழுத, பெர்னி ரைட்சன் வரைந்த ‘ஜெனிஃபர்’. காட்டில் கோடாலியோடு ஒருவன் ஒரு பெண்ணை வெட்டப் போகிறான், இன்னொருவன் சுட்டுக் காப்பாற்றுகிறான். பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறான். இதே ரைட்சனின் ஆரம்பக் கதை ஹவுஸ் ஆஃப் மிஸ்டரியில் 1969-ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பேனாவைப் பிடித்துப் பிடித்து வரைந்த பையன், இங்கே கட்டவிழ்ந்து நிற்கிறான். ஐந்து வருட வளர்ச்சி ஒரு பக்கம், தணிக்கை இல்லாத காகிதம் இன்னொரு பக்கம்.

சரி, எதை வாங்குவது? ஒரு தொடருக்குத்தான் காசு என்றால் யோசிக்காமல் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட க்ரீப்பி தொகுதிகளில் முதல் மூன்று. தொகுதிக்கு 5 இதழ், முழுக்க ஆரம்ப கால, குட்வின் கால சரக்கு. இன்னும் வேண்டுமென்றால் நாலாவதோடு நிறுத்திக்கொள்ளலாம், பிறகு ‘ஜெனிஃபர்’ இருக்கும் தொகுதியை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஓவியம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஹவுஸ் ஆஃப் மிஸ்டரியின் 174-க்குப் பிந்திய தொகுதி, கறுப்பு வெள்ளையில். கிரிப்டை வண்ணத்தில் வாங்கி, ஒரு ராத்திரிக்கு ஒரு கதைக்கு மேல் படிக்காதீர்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை, இரண்டாவது கதையின் முடிவை மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.